செட்டை உடைக்க வேண்டாம், பார்க்கிற கண்களைக் குறையுங்கள்

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் பத்தாம் வகுப்பு, வயது 15. கணவருக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை, இரவு எட்டு மணிக்கு மேல்தான் வீடு திரும்புவார். ஒரு வருடமாகப் பையன், அவனையும் சேர்த்து ஆறு பேர் கொண்ட நண்பர்கள் செட்டோடு சுற்றுகிறான். படம் வரைவதை விட்டுவிட்டான். அடுப்படிப் பக்கமே வருவதில்லை. "அம்மா புள்ள" என்று கிண்டல் செய்கிறார்களாம். சட்டையில் ஹான்ஸ் புகையிலை வாசனை. முன்கையில் வட்டமாக ஒரு சூட்டுத் தழும்பு. வண்டி வேண்டும் என்று தினமும் சண்டை. "அந்தப் பசங்களிடமிருந்து எப்படிப் பிரிப்பது, பள்ளியை மாற்றிவிடலாமா, மற்றப் பையன்களின் அம்மாக்களோடு பேசலாமா?" என்பது அவர் கேள்வி.

அம்மா, பள்ளியை மாற்றாதீர்கள். பொதுத்தேர்வு வருடம் என்பது ஒரு காரணம்தான். பெரிய காரணம் வேறு. புதுப் பள்ளிக்குப் போகிற பையனுக்கு அங்கே ஒரு நண்பனும் இருக்க மாட்டான், தான் யார் என்று முதலிலிருந்து காட்ட வேண்டியிருக்கும். செட்டில் சேர அதிகமாக எதையும் செய்யத் துணிகிறவன் புதிதாக வந்தவன்தான். "அந்தப் பசங்களோட சேராதே" என்று தடை போடுவதும் இதே மாதிரித்தான் முடியும். நீங்கள் தடுத்ததே அவனுக்கு அங்கே ஒரு பெருமையாகிவிடும், சந்திப்பு உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு மாறும்.

ஆபத்து தனித்தனிப் பையன்களிடம் இல்லை, பார்த்துக்கொண்டிருக்கும் கண்களில் இருக்கிறது. 2005-இல் அமெரிக்காவில் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இருவர் கணினியில் கார் ஓட்டும் ஒரு விளையாட்டை வைத்து ஆய்வு செய்தார்கள். மஞ்சள் விளக்கு விழுந்த பிறகும் எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்பதுதான் அளவு. தனியாக ஆடியபோது 13 முதல் 16 வயதினருக்கும் பெரியவர்களுக்கும் அவ்வளவு வித்தியாசம் இல்லை. சமவயது நண்பர்கள் பக்கத்தில் நின்று பார்த்தபோது சிறுவர்கள் எடுத்த ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கானது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் மாற்றமே இல்லை. உங்கள் மகனுக்கு அறிவில்லாமல் இல்லை. தனியாக இருக்கும்போது வேலை செய்கிற அதே அறிவு, ஐந்து பேர் பார்க்கும்போது பின்னுக்குப் போகிறது. அந்த வயதின் மூளையில் நண்பர்களின் மதிப்பு அவ்வளவு பெரிய பரிசாகப் பதிகிறது.

இதற்குள் இன்னொரு முடிச்சு உண்டு. ஆறு பேரில் நான்கு பேருக்கு ஹான்ஸ் பிடிக்காது என்றாலும், ஒவ்வொருவனும் "எனக்கு மட்டும்தான் பிடிக்கல, மத்தவனுங்க எல்லாம் தில்லானவனுங்க" என்று நினைத்துக்கொண்டிருப்பான். யாரும் வாய் திறக்காததால் அந்த நினைப்பு உடைவதில்லை. 1993-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் குடிப்பழக்கத்தைப் பற்றிக் கேட்டபோது இதே நிலைதான் தெரிந்தது. தங்களுக்குள் சங்கடப்பட்டவர்கள், மற்ற மாணவர்களுக்குச் சங்கடமே இல்லை என்று நம்பினார்கள். 1950-களில் சாலமன் ஆஷ் நடத்திய சோதனைகளில், கூட்டமே ஒரு கோட்டின் நீளத்தைத் தப்பாகச் சொன்னபோது பலர் கண்ணுக்குத் தெரிந்த உண்மையை விட்டுக் கூட்டத்தோடு போனார்கள். ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவன் சரியான பதிலைச் சொன்னால் போதும், அப்படி ஒத்துப்போவது ஏறத்தாழ கால்பங்காகக் குறைந்துவிட்டது. உங்கள் மகனுக்குத் தேவை அந்த ஒரே ஒருவன். அவன் பெரும்பாலும் அந்த ஆறு பேருக்குள்ளேயே இருப்பான்.

அவனைக் கண்டுபிடிப்பது சுலபம். உங்கள் பையனுக்குக் காய்ச்சல் வந்தால் யார் வீட்டுக்கு வந்து நோட்டு கொடுக்கிறான்? இருவராக இருக்கும்போது யாரோடு குரல் தாழ்த்திப் பேசுகிறான்? மாரியம்மன் கூழுக்கு யாரை மட்டும் வீட்டுக்குக் கூட்டி வந்தான்? அந்தப் பையனுக்கு உங்கள் வீட்டில் இடம் கொடுங்கள். வாரத்துக்கு ஒருநாள், ஒன்றரை இரண்டு மணி நேரம் போதும். சாப்பாடு போடுங்கள், கேள்வி கேட்காதீர்கள். இருவர் சேர்ந்து செய்கிற வேலை ஏதாவது இருக்கட்டும். சைக்கிள் பிரேக் சரிசெய்வது, மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவுவது, கணக்குப் போடுவது, எதுவானாலும் சரி. பையன்கள் எதிரெதிரே உட்கார்ந்து மனம் திறப்பது குறைவு, கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். இங்கே பெற்றோர் வழக்கமாகச் செய்கிற பிழை, வந்த பையனிடம் "என் புள்ளய நீதான்பா திருத்தணும்" என்று சொல்லிவிடுவது. அதோடு அவன் வீட்டுப் பக்கம் வர மாட்டான். செட்டில் அவன் உளவாளி என்று பெயரெடுப்பான்.

நியோபி வே என்ற அமெரிக்க ஆய்வாளர் பதின்ம வயதுப் பையன்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பேட்டி கண்டவர். 13, 14 வயதில் நண்பனிடம் எல்லா ரகசியத்தையும் சொன்ன பையன்களில் பலர், 16, 17 வயதில் அப்படிப் பேசுவதை விட்டுவிட்டார்கள், அந்த நட்பை இழந்துவிட்டதாகவும் சொன்னார்கள் என்று அவர் கண்டார். ஆண் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த வயதில்தான் இறுகுகிறது. நம் ஊரில் இதற்கு ஒரு நல்ல மருந்து இன்னும் மிச்சம் இருக்கிறது. பையன்கள் தோள்மேல் கைபோட்டு நடப்பார்கள், ஒரே தட்டில் சாப்பிடுவார்கள், ஒரே சைக்கிளில் போவார்கள். இப்போது அதையும் கேலியாக்கும் பேச்சு ஃபோன் வழியாக வந்துகொண்டிருக்கிறது. வீட்டில் யாராவது "என்னடா புருஷன் பொண்டாட்டி மாதிரி ஒட்டிக்கினு" என்று சிரித்தால், அந்த ஒரு வாக்கியம் ஒரு நல்ல நட்பைத் தள்ளி வைத்துவிடும். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள், மாமா, சித்தப்பாவையும் சொல்ல விடாதீர்கள்.

வீட்டுப் பேச்சைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. "பொட்ட மாதிரி அழுவாத", "ஆம்பளப் புள்ளைக்கு அடுப்படியில இன்னா வேல" என்ற வார்த்தைகளைப் பையன் முதலில் கேட்பது செட்டில் அல்ல. செட்டு அந்தப் பாடத்தைத் தேர்வு மட்டும் வைக்கிறது. அதனால் அவன் அப்பா ஒரு வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கறி அரிவதோ, துணி காயப்போடுவதோ, தட்டு கழுவுவதோ, பையன் கண்முன்னே செய்யட்டும். விளக்கம் எதுவும் வேண்டாம். தகப்பன் செய்கிற வேலையைப் "பொம்பள வேல" என்று செட்டில் ஒருவன் சொன்னால், பையன் மனதுக்குள்ளேயே ஒரு மறுப்பு நிற்கும். படம் வரைவதை மறுபடி தொடங்கு என்று வற்புறுத்த வேண்டாம். நோட்டையும் பென்சிலையும் அவன் கைக்கு எட்டும் இடத்தில் விட்டுவையுங்கள். விருந்தாளிகள் முன் எடுத்துக் காட்டச் சொல்லாதீர்கள்.

உடம்பைப் பற்றி அப்பாவே பேசிவிடுவது நல்லது. கேலிகளில் பாதி உடம்பின் மேல்தான் விழுகிறது. பருவ மாற்றம் பையன்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். ஆகவே ஒரே பெஞ்சில் மீசை முளைத்தவனும் கீச்சுக் குரல்காரனும் உட்கார்ந்திருப்பார்கள், இருவருமே சரியாகத்தான் வளர்கிறார்கள். 14 வயது முடிந்தும் எந்த அறிகுறியும் இல்லையென்றால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது. இந்த வயதில் ஏறத்தாழ பாதிப் பையன்களுக்கு மார்க்காம்புக்கு அடியில் ஒரு கட்டி போலத் திரண்டு மார்பு லேசாகப் புடைக்கும், தொட்டால் வலிக்கும். ஹார்மோன் மாற்றத்தால் வருவது அது. பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு வருடத்துக்குள் தானே வற்றிவிடும். இதை யாரும் சொல்லாததால் பையன்கள் வெயிலிலும் இரட்டை பனியன் போடுகிறார்கள், பாலாற்று மணலில் ஆட்டத்துக்குப் போவதையே நிறுத்துகிறார்கள், சிலர் ஜிம்மில் ஊசிக்குப் போகிறார்கள். அந்த ஊசியில் இருக்கும் ஸ்டீராய்டு எலும்பின் வளர்ச்சி முனைகளைச் சீக்கிரம் மூடிவிடும், உயரம் அத்தோடு நின்றுவிடும். விதைகள் சுருங்கும், மார்பு இன்னும் புடைக்கும்.

ஜிம் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இருந்து, அளவான எடையோடு செய்தால் 15 வயதில் பயிற்சி நல்லதுதான். பவுடர் டப்பா தேவையில்லை. 50 கிலோ பையனுக்கு ஒரு நாளைக்கு 50, 60 கிராம் புரதம் போதும். இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம், மிச்சம் பருப்பு, சுண்டல், பால், மீனில் வந்துவிடும்.

இனி, "தில் இருந்தா செய்டா" என்ற சவால்கள். வேலூர்ப் பக்கத்துக்கு இவை புதிதல்ல, எந்த மாதம் எது வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். தையில் தொடங்கி இரண்டு மூன்று மாதம் எருது விடும் விழா. அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் சுற்றுவட்டாரத்தில் ஊருக்கு ஊர் நடக்கும். மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டு போல இங்கே மாட்டைத் தழுவுவதில்லை. குறிப்பிட்ட தூரத்தை எந்தக் காளை குறைந்த நேரத்தில் கடக்கிறது என்பதுதான் போட்டி. அதனால் ஓடுபாதையில் மனிதனுக்கு வேலையே இல்லை. அடிபடுகிறவர்கள் பாதைக்குள் இறங்கி, ஓடுகிற காளையைத் தட்டிவிட்டு ஓடப் பார்க்கிற இளைஞர்கள், அதுவும் செட்டு பக்கத்தில் நின்று கத்தும்போது. "போகாதே" என்றால் சொல்லாமல் போவான். பெரியவர் ஒருவரோடு போகட்டும், இரண்டாவது தடுப்புக்கு வெளியே நிற்கட்டும், பாதை முடியும் இடத்தில் நிற்கவே கூடாது. ஓடி முடித்த காளை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பங்குனி, சித்திரையில் கிணறு. நம் பகுதிக் கிணறுகள் பாறையை வெட்டித் தோண்டியவை. மழைக்காலத்தில் நிறைந்திருந்த கிணறு கோடையில் இறங்கிவிடும், போன தீபாவளிக்குக் குதித்த அதே மேட்டிலிருந்து இப்போது குதித்தால் தலை பாறையில் மோதும். தண்ணீரின் ஆழத்தை அன்றன்றைக்குக் கல் கட்டிய கயிறு விட்டுப் பார்க்காமல் குதிக்கக் கூடாது, தலைகீழாக எப்போதுமே கூடாது. பாலாற்றில் மணல் அள்ளிய குழிகள் வேறு வகை ஆபத்து. முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடி ஆளுக்கு மேல் போய்விடும். யாராவது மூழ்கினால் நீச்சல் தெரிந்தவனும் உடனே குதிக்கக் கூடாது. மூழ்குகிறவன் பிடித்து அமுக்கிவிடுவான். கயிறு, முடிச்சுப் போட்ட வேட்டி, காலி பிளாஸ்டிக் குடம், எது கிடைத்தாலும் எறிய வேண்டும், 108-ஐ அழைக்க வேண்டும். இதைச் செட்டு முழுவதற்குமே சொல்லிக்கொடுங்கள், பையன்கள் இந்த மாதிரி விஷயத்தை ஆர்வமாகக் கேட்பார்கள். வைகாசி முதல் நாள் உங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. செட்டு செட்டாகப் பையன்கள் முதல் முறை குடிப்பதற்கு இப்படிப்பட்ட கூட்ட நாள்கள்தான் வாய்ப்பு. அன்றைக்கு அவனுக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள். மோர்ப் பந்தலிலோ அன்னதானத்திலோ, ஊர்ப் பெரியவர்கள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற வேலையாக இருக்கட்டும். அவனுக்குத் தேவையான மதிப்பு அங்கே வேறு வழியில் கிடைக்கும்.

வண்டி விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவன் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. விபத்தில் யாராவது அடிபட்டால், காப்பீட்டு நிறுவனம் கொடுத்த தொகையைச் சொந்தக்காரரிடம் திரும்ப வசூலிக்கலாம். 16 வயதில் உரிமம் என்பது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்குத்தான். இந்தக் கணக்கை அப்பா பையனோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக் காட்டட்டும். "எங்க வீட்ல 25,000 கட்ட முடியாதுடா" என்பது அவன் செட்டில் சொல்லக்கூடிய காரணம், அதில் மானம் போகாது.

மானம் போகாமல் வெளியேற ஒரு வழி, அதுதான் இந்த வயதில் பையனுக்குக் கொடுக்கக்கூடிய மிக உபயோகமான பொருள். "வேண்டாம்னு சொல்லு" என்று சொல்லிக்கொடுத்தால் ஐந்து பேர் முன் அது வாயில் வராது. இப்படிச் செய்யுங்கள். ஒரு சாதாரணக் கேள்வியைக் குறிச்சொல்லாக வைத்துக்கொள்ளுங்கள், "அம்மா, பால் வாங்கியாச்சா?" என்பது மாதிரி. அது வாட்ஸ்அப்பில் வந்தால் ஐந்து நிமிடத்துக்குள் நீங்கள் அழைத்து, பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கிற குரலில் திட்ட வேண்டும்: "எங்கடா இருக்க? உங்க நைனா கோவமா நிக்கிறாரு, ஒடனே வா!" அவன் "சே, எங்க வீட்ல ஒரே தொல்ல மச்சான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவான். பழி உங்கள் மேல், அவன் கெத்து அப்படியே இருக்கும். இது கெட்டுப்போவது ஒரே இடத்தில். வீட்டுக்கு வந்ததும் "யாரு இருந்தா, இன்னா பண்ணீங்க" என்று விசாரணை தொடங்கினால், அடுத்த முறை அந்தச் செய்தி வராது. அன்றிரவு கேள்வியே வேண்டாம். சோறு போட்டுத் தூங்க விடுங்கள். இரண்டு நாள் கழித்து, அப்பாவோடு வண்டியில் காட்பாடிப் பக்கம் போகும்போது பேச்சு வரும், முகம் பார்க்காமல் பேசுவது பையனுக்கு எளிது.

ஹான்ஸ், கூல் லிப் என்று உதட்டுக்குள் அடக்கிக்கொள்கிற புகையிலை இரண்டையும் பையன்கள் சிகரெட்டைவிட லேசானதாக நினைக்கிறார்கள், புகை இல்லை என்பதால். அதில் நிகோடின் நேராக உதட்டின் உட்சதை வழியே ரத்தத்தில் ஏறுகிறது. கீழுதட்டின் உள்பக்கம் வெளுத்துச் சுருங்கியிருந்தால், ஈறு இறங்கியிருந்தால், பழக்கம் தொடங்கிச் சில காலம் ஆகிவிட்டது என்று அறியலாம், பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பொட்டலத்தைப் பிடித்ததும் அடித்தால் ஒளிக்கத்தான் கற்றுக்கொள்வான். "எப்ப எப்ப போடுற? யாரு கூட இருக்கும்போது?" என்று கேளுங்கள். விடையில் பெரும்பாலும் ஒரு இடமும் ஒரு நேரமும் வரும். அந்த அரைமணி நேரத்தில் டியூஷனோ ஆட்டமோ வந்தாலே பாதி குறையும். மெல்லும் புகையிலைக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை இருக்கிறது. குழந்தைக்குப் புகையிலை கொடுப்பது, இளைஞர் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவின்படி ஏழு வருடம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் உள்ள குற்றம். பள்ளிப் பக்கத்துப் பெட்டிக்கடையைப் பற்றிப் புகார் கொடுங்கள், பையன் பெயரை இழுக்காமல்.

ஃபோனைப் பற்றிச் சுருக்கமாக இரண்டு. பட்டாக்கத்தியோடு ரீல்ஸ் போடுவதும் கேக் வெட்டுவதும் தமிழ்நாட்டில் பலமுறை கைதில் முடிந்திருக்கின்றன. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட யாருடைய ஆபாசப் படத்தையும் குரூப்பில் அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் ஐந்து வருடம் வரை தண்டனைக்குரியது. அனுப்பியவனும் சிறுவனாக இருந்தால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். அப்படி ஒரு படம் வந்தால் யாருக்கும் தள்ளிவிடாமல் பெரியவர் ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்பது மட்டும் அவன் மனதில் பதிந்திருக்கட்டும்.

இப்போது அந்தத் தழும்பு. நண்பர்களின் கலாய்ப்பு எது, கொடுமை எது என்று பிரிக்க ஒரு அளவுகோல்: முறை மாறுகிறதா? இன்றைக்கு இவன், நாளைக்கு அவன் என்று எல்லோர் மேலும் விழுந்தால், "போதும்டா" என்றதும் நின்றால், அது விளையாட்டு. எப்போதும் ஒரே பையன், நிறுத்தச் சொன்னால் இன்னும் கூடுகிறது, காசு பிடுங்குகிறார்கள், உடம்பில் கை வைக்கிறார்கள் என்றால் அது கொடுமை. வட்டமான சூட்டுத் தழும்பு சிகரெட்டால் வந்திருக்கலாம். சவாலுக்கு அவனே வைத்துக்கொண்டதா, பிறர் பிடித்து வைத்ததா, மனவேதனையில் தனியாக வைத்துக்கொண்டதா என்பது மூன்றும் வேறு வேறு. கோபப்படாமல் நேராகக் கேளுங்கள்: "இது எப்படி வந்துச்சுப்பா? யாராவது பண்ணாங்களா, நீயே பண்ணிக்கினியா?" பதிலுக்கு அவசரப்படுத்தாதீர்கள். பிறர் செய்தது என்றால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். 14417 (பள்ளிக்கல்வி உதவி எண்), 1098 (குழந்தைகள் உதவி எண்) இரண்டும் இதற்குத்தான். பள்ளியில் மாணவர்கள் புகார் எழுதிப் போட "மாணவர் மனசு" பெட்டி உண்டு. ஆடையைக் கழற்றுவது, அந்தரங்க இடத்தில் தொடுவது நடந்திருந்தால் போக்சோ சட்டம் பையன்களுக்கும் பொருந்தும், "ஆம்பளப் பசங்க விளையாட்டு" என்று பள்ளி மூடி மறைக்க முடியாது.

அவனே வைத்துக்கொண்டது என்றால் தாமதிக்காதீர்கள். சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், பிடித்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துக்கொண்டு, "நான் இல்லன்னா இன்னா" என்ற மாதிரிப் பேசினால், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று கேட்டே விடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 2022-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் ஆண்கள். வீட்டில் பூச்சிமருந்து, மாத்திரை இருந்தால் பூட்டி வையுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். வேலூரில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், பாகாயத்தில் உள்ள சிஎம்சி மனநல மையத்திலும் காட்டலாம். பள்ளியில் "பைத்தியம்" என்று பேர் வந்துவிடுமோ என்று பயந்து தள்ளிப்போடுவார்கள். எங்கே போனீர்கள் என்று பள்ளிக்கோ உறவினருக்கோ சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

மற்றப் பையன்களின் அம்மாக்களோடு பேசலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பேசுங்கள், ஆனால் ஐந்து வீட்டுக்கும் போகாதீர்கள், பஞ்சாயத்தாகிவிடும். முன்பு சொன்ன அந்த ஒரு பையனின் தாயிடம் மட்டும் போங்கள். "உங்க புள்ள கெடுக்கிறான்" என்ற தொனி துளியும் வேண்டாம். "நம்ம ரெண்டு புள்ளைங்களும் எட்டு மணிக்குள்ள வீட்டுக்கு வரணும்னு ரெண்டு வீட்லயும் ஒரே மாதிரி சொல்லலாமா அக்கா? கிணத்துக்குப் போனா ஒருத்தருக்கொருத்தர் போன் பண்ணிக்கலாமா?" என்று கேளுங்கள். இரண்டு வீட்டிலும் ஒரே நேரக் கட்டுப்பாடு இருந்தால் "எனக்கு மட்டும்தான் வீட்ல தொல்ல" என்று அவன் குறுகத் தேவையில்லை, எட்டு மணிக்கு இருவரும் சேர்ந்தே செட்டிலிருந்து எழுந்து வரலாம்.